தேயிலையைப் பிடுங்கிய பிறகு மண்ணில் மிஞ்சுவது

வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களில் கிழட்டுத் தேயிலை மலையொன்றைப் பிடுங்கினால் மறுநாளே அங்கே புதுக் கன்று வைக்கமாட்டார்கள். ஜாக் போட்டுத் தூரைக் கிளப்பியபின் குழிக்குள் அறுந்து நிற்கும் வேர்களைத் தோண்டிப் பொறுக்க வேண்டும். பென்சில் பருமனுக்கு மேற்பட்ட வேர் எதுவும் மண்ணில் தங்கக்கூடாது என்பது கணக்கு. பொறுக்கிய வேர்களைக் குவித்துக் கொளுத்துவார்கள். அதன்பின் மலை முழுக்கக் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ நடப்படும். புல் ஆளுயரம் வந்ததும் வெட்டி அந்த இடத்திலேயே பரப்புவார்கள். அது திரும்பத் தழைக்கும், திரும்ப வெட்டுவார்கள். 18 முதல் 24 மாதங்கள் வரை இப்படியே போகும். அதற்குப் பிறகுதான் கன்று.

ஒரு கிலோ கொழுந்துகூடத் தராத நிலத்துக்கு இரண்டு வருடம் செலவழிப்பது ஏன் என்று கேட்டால், அதற்கு விடை மண்ணின் நோயில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஒரே பயிர் நின்ற நிலம் களைத்துப் போயிருக்கும், அதற்குள் கிருமியும் குடியிருக்கும். தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பரிந்துரைக்கும் இந்தப் புல் வைத்தியம், கெட்ட நிலத்தைத் துப்புரவாக்கி மறுபடி வாழ வைக்கும் அறிவியலில் நம் மலையகத்துக்குச் சொந்தமான அனுபவம். இன்று தேயிலை நிலம் வீடாகவும் காய்கறித் தோட்டமாகவும் மாறிவரும் வேளையில், இந்தப் புல்லால் எது முடியும், எது முடியாது என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புல் செய்யும் வேலை

மலைநாட்டுத் தேயிலையின் வேரைத் தின்னும் நூற்புழு ஒன்று உண்டு. பிராட்டிலென்கஸ் லூசி என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு மில்லிமீற்றர்கூட நீளமில்லாத இந்தப் புழு, உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்களுக்குள் புகுந்து அவற்றைப் புண்ணாக்கும். செடி சாகாது, ஆனால் தேறவும் தேறாது. தேயிலை வேர் கிடைக்காத இரண்டு வருடத்தில் இந்தப் புழு பட்டினியால் குறைந்துபோகிறது. போரியா என்னும் வேர் நோயைப் பரப்பும் பூஞ்சணம் அப்படிச் சுலபத்தில் போகாது. மண்ணில் விடுபட்ட வேர்த்துண்டுக்குள் அது பல காலம் ஒளிந்திருக்கும். பென்சில் கணக்கு வந்தது இதனால்தான்.

புல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வட்டவளை இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் இந்த மழை, கொழும்பு மழையின் இரண்டு மடங்கு. வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து அறைந்தால், மூடாக்கில்லாத சரிவிலிருந்து மேல்மண் கான் வழியாக ஆற்றுக்கே போய்விடும். புல்லின் வேர்கள் அந்த மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. வெட்டிப் பரப்பிய புல் மக்கி மண்ணுக்குக் கரிமச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. இறுகிக் கிடந்த மண் இளகுகிறது, மண்புழு திரும்பி வருகிறது.

ஆக, உயிருள்ள எதிரிகளைப் பட்டினி போட்டு ஒழிப்பதிலும் வாடிய மண்ணைத் தேற்றுவதிலும் புல் கெட்டிக்காரன். மனிதர் கொண்டுவந்து கொட்டிய இரசாயனத்திடம்தான் அதன் கைவரிசை முடிந்துபோகிறது.

மருந்தடித்த வரலாறு

கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் வந்தது. தேயிலைக்கு அப்படியொரு சோதனை 1946இல் கொப்புள நோயாக வந்தது. இளங்கொழுந்தையே தாக்கும் அந்தப் பூஞ்சணத்தைச் செப்பு மருந்தால் அடக்கினார்கள். பனியும் மழையும் நிறைந்த மலைகளில் வருடா வருடம் செப்பு தெளிக்கப்பட்டது. தேயிலை பிழைத்தது. தெளித்த செப்பில் பெரும் பகுதி மண்ணில் விழுந்தது.

செப்பு ஒரு தனிமம். அதைப் பக்டீரியா தின்னாது, வெயில் சிதைக்காது, காலம் கரைக்காது. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்கள் இதற்குச் சாட்சி. அங்கே 1880களிலிருந்து தெளித்த செப்பு இன்றும் மேல்மண்ணில் தங்கியிருக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், ஏழு வருடத்தில் ஒரு ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல் செப்பு போகக்கூடாதென வரம்பு வைத்திருக்கிறது. மக்கிய பொருள் அதிகமுள்ள மண் செப்பைக் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும். மண் புளித்தால் பிடி தளரும். தேயிலை 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். அமோனியம் சல்பேட் பசளை அந்தப் புளிப்பை மேலும் கூட்டும். கவ்வாத்து வெட்டியபின் டொலமைட் போடுவது இதைத் தணிக்கத்தான்.

இரண்டாவது கதை டைல்ட்ரினுடையது. தேயிலைக் கிளைகளுக்குள் சுரங்கம் போடும் துளைவண்டை ஒழிக்க 1950களில் இந்தப் பூச்சிகொல்லியை அடித்தார்கள். வண்டு குறைந்தது. ஆனால் வேறொரு புழு, கொழுந்து இலைகளைச் சுருட்டித் தின்னும் டோட்ரிக்ஸ் புழு, மலை மலையாகப் பெருகியது. அந்தப் புழுவை அதுவரை அடக்கி வைத்திருந்தது மக்ரோசென்ட்ரஸ் என்னும் குளவி. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அந்தக் குளவியை டைல்ட்ரின் கொன்றுவிட்டது. பூச்சிகொல்லியே பூச்சியை வளர்த்த இந்த இலங்கைச் சம்பவம் உலகெங்கும் பூச்சியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. டைல்ட்ரின் மண்ணில் பல வருடம் தங்கும், கொழுப்பில் சேரும். உலக நாடுகள் 2001இல் கைவிடச் சம்மதித்த இரசாயனங்களின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

களைகொல்லிகளும் வந்தன. 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. தடை போடுவதும் எடுப்பதும் கொழும்பில் நடக்கும். முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்தடித்தவர்கள் மலையில் இருந்தார்கள். அந்த மருந்து விழுந்த மண்ணும் இங்கேதான் இருக்கிறது.

நஞ்சு சமமாகப் பரவி இருக்காது

ஒரு தோட்டத்தில் இரசாயனம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. மருந்து ஸ்டோரின் வாசல், தண்ணீரில் மருந்து கலக்கிய தொட்டியடி, வெறும் டின்களைக் கழுவிய ஓடைக்கரை, தொழிற்சாலையின் டீசல் டாங்கியடி ஆகியவற்றில்தான் நஞ்சு தேங்கும். ஓர் ஏக்கரின் நடுவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சோதித்து நிலம் சுத்தம் என்று முடிவுகட்டினால், இந்த இடங்கள் தப்பிவிடும்.

இந்த இடங்களைக் காட்டும் வரைபடம் எந்த அலுவலகத்திலும் தேடவேண்டியதில்லை. நாற்பது வருடம் மருந்தடித்து ஓய்ந்த பெரியவர்களுக்குத் தெரியும், பழைய ஸ்டோர் எங்கே இருந்தது, எந்தப் பீலியடியில் டாங்கியைக் கழுவினார்கள் என்று. மண் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

கொடைக்கானல் தரும் பாடம்

அசுத்தமான மண்ணைத் தோண்டி அள்ளிக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சமவெளியில் அது நடக்கலாம். மலையில் அது எவ்வளவு கடினம் என்பதைக் கொடைக்கானல் காட்டுகிறது. அங்கே 1980களில் தொடங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2001இல் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணில் ஊறிய பாதரசத்தை அனுப்ப வழியில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்று வைத்த அளவு போதாது என ஆர்வலர்கள் போராடினார்கள். தொழிற்சாலைக்குக் கீழே பாம்பார் சோலை. மரங்களை வெட்டிச் சரிவைத் தோண்டினால் மழை வந்து பாதரசத்தோடு மண்ணைச் சோலைக்கே இறக்கிவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம், தோண்டாமல் விட்டால் நஞ்சு கசியும் என்ற அச்சம் மறு பக்கம். ஆலை மூடிப் பல வருடம் கடந்த பிறகே முழு அளவிலான மண் துப்புரவு தொடங்கியது.

வட்டவளைக்கு இது அந்நியமான கதையில்லை. 1990களின் தொடக்கத்தில் இங்கே நிலம் நகர்ந்து ரயில் பாதையையே அசைத்தது. சரிவுக்குள் ஊறிய நிலத்தடி நீரை வடித்த பிறகுதான் அது அடங்கியது. இப்படிப்பட்ட சரிவில் மண்ணை அகழ்வது ஓர் ஆபத்தை நீக்க இன்னோர் ஆபத்தை அழைப்பதாகும். தோண்டுவதைச் சின்னச் சின்ன நச்சுத் திட்டுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதையும் மழையில்லாத மாதங்களில் செய்ய வேண்டும். மற்ற இடங்களில் புளிப்பைத் தணித்து, மக்குரம் சேர்த்து, வெட்டிவேர் போன்ற ஆழ வேர்ப் புற்களை வரப்பாக நட்டு, நஞ்சை நகரவிடாமல் கட்டி வைப்பதே மலைக்கு ஏற்ற வழி.

கரும்புத் தோட்டத்து உறவுகளின் அனுபவம்

கரீபியன் கடலில் குவாதலூப், மார்த்தினிக் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகள் உண்டு. 1850களிலிருந்து காரைக்கால், புதுச்சேரித் துறைகளில் கப்பலேறிய தமிழர் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த தீவுகள் அவை. அங்கே வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிகொல்லியைப் போட்டார்கள். டைல்ட்ரினைப் போலவே இதுவும் சிதையாத வகை. இன்று அந்தத் தீவுகளின் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது காணப்படுகிறது.

மண்ணைக் கழுவ முடியாத நிலையில் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களின் மண்ணை இலவசமாகச் சோதித்து, எதைப் பயிரிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். மண்ணுக்குள் விளையும் கிழங்குகள் அந்த நஞ்சை ஏற்கும். உயரத்தில் காய்க்கும் பழங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. டைல்ட்ரினுக்கும் இப்படிக் குணம் உண்டு: பூசணி, வெள்ளரி, சுரை ஆகிய கொடிக் குடும்பம் அதை வேர் வழியாக இழுத்துக் காயில் சேர்க்கக்கூடியது. மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், அடுப்படிக்கு என்ன போகிறது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

ஏழு பேர்ச்சஸ் காணிக்கு ஒரு மண் பரிசோதனை

லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது மலையக மக்களின் நீண்ட நாள் கனவு. அதற்கெனப் பேசப்பட்டு வந்த 7 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக மிஞ்சும் இடத்தில் நாலு பாத்தி கரட்டும் போஞ்சியும் கீரையும் வரும், பிள்ளைகள் அந்த மண்ணில்தான் விளையாடும். மீரியபெத்தையில் 2014இல் மண்சரிவு லயத்தை விழுங்கிய பிறகு, சரிவு அபாயம் பார்த்து இடம் தெரிவு செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் புரிந்திருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைக் கேட்கிறோம். அதே அக்கறையோடு மண்ணின் சுத்தத்தையும் கேட்க வேண்டும்.

செய்முறை கடினமில்லை. காணியின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்டிமீற்றர் ஆழம் வரை மண்ணெடுத்து, சுத்தமான வாளியில் கலந்து, கல்லும் வேரும் நீக்கி நிழலில் உலர்த்தினால் அரைக் கிலோ மாதிரி தயார். பழைய ஸ்டோர், கழுவிய இடம் ஆகியவற்றின் மண்ணைத் தனித்தனிப் பையில் போட வேண்டும், கலக்கக்கூடாது. புளிப்பும் செப்பும் குறைந்த செலவில் அளக்கக்கூடியவை. டைல்ட்ரின் போன்ற எச்சங்களுக்கு நுட்பமான கருவி வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகமும் வட்டவளையிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை.

இந்தச் செலவைக் காணி பெறும் குடும்பத்தின் தலையில் கட்டக்கூடாது. இலாபம் கண்ட தோட்டமும் வீடு கட்டித் தரும் அரசும் ஏற்க வேண்டிய செலவு இது. தேயிலைக் கன்றுக்காக இரண்டு வருடம் புல் வளர்த்து மண்ணைச் சுத்தம் செய்யத் தெரிந்த நாடு இது. அந்தத் தேயிலையை வளர்த்த மனிதருக்குக் காணி உறுதியைக் கொடுக்கும்போது, மண் பரிசோதனை அறிக்கையையும் அவர்கள் வாசிக்கும் தமிழில் எழுதிக் கூடவே கொடுக்கட்டும். தோட்டக் கமிட்டிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த வீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் வைப்பதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்க வேண்டும். அத்திவாரம் போட்டு முடிந்த பிறகு மண்ணைச் சோதித்தால், மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.