டபிள்யூ-2 வந்துச்சா, 1099 வந்துச்சா? அமெரிக்காவில் வரியை மாற்றிவிடும் ஒரு ஃபார்ம்!

அமெரிக்காவில் ஜனவரி கடைசி என்றாலே வேலை பார்ப்பவர்கள் ஒரு ஃபார்முக்காகக் காத்திருப்பார்கள். முந்தைய ஆண்டு கொடுத்த பணத்துக்கான கணக்கை, ஜனவரி 31-க்குள் நிறுவனங்கள் அனுப்பியாக வேண்டும். வந்தது டபிள்யூ-2 என்றால் அவர் ஊழியர். 1099-என்இசி என்றால் கான்ட்ராக்டர். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வேலையாகக்கூட இருக்கலாம். ஆனால் கட்டும் வரி ஒன்றல்ல.

டபிள்யூ-2வில் என்ன இருக்கும்?

நம்ம ஊர் ஃபார்ம் 16 மாதிரிதான். ஆண்டு முழுக்க வாங்கிய சம்பளம், பிடித்த வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் பிடித்த தொகை எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும்.

எவ்வளவு வருமான வரி பிடிக்கணும் என்பதை முடிவு செய்வது டபிள்யூ-4. வேலையில் சேரும்போது கொடுப்பது இது. கல்யாணம் ஆனவரா, குழந்தைகள் உண்டா, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்களா என்று கேட்கும். மனைவி புதிதாக வேலையில் சேர்ந்த பிறகும் பழைய டபிள்யூ-4ஐ மாற்றாமல் விட்டால், பிடித்தம் குறைந்துபோய் ஏப்ரல் 15-க்குள் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை வரலாம்.

கான்ட்ராக்டருக்கு என்ன கதை?

இவர் கொடுப்பது டபிள்யூ-9. பெயர், முகவரி, வரி எண், அவ்வளவுதான். பொதுவாகப் பிடித்தம் எதுவும் கிடையாது. பேசிய பணம் அப்படியே வரும். பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் சிக்கலே இங்கதான்.

சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2%, மெடிகேருக்கு 1.45% என ஊழியரிடம் 7.65% பிடிப்பார்கள். அதே அளவு நிறுவனமும் தன் பங்காகக் கட்டும். கான்ட்ராக்டருக்கு நிறுவனம் இல்லையே! இரண்டு பங்கும் அவர் தலையில்தான். மொத்தம் 15.3%.

50,000 டாலர் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு இது 3,825 டாலர். செலவு போக அதே 50,000 டாலர் சம்பாதிக்கும் கான்ட்ராக்டருக்கு, லாபத்தில் 92.35%-க்கு மட்டும் கணக்கிட்டாலும் சுமார் 7,065 டாலர். வருமான வரி இதில் சேராது, அது தனி.

ஒரு சின்ன ஆறுதல்... லேப்டாப், சாஃப்ட்வேர் போன்ற தொழில் செலவுகளை ஷெட்யூல் சி-யில் காட்டிக் கழிக்கலாம். வரிக்காக ஆண்டு முடியும் வரை காத்திருக்கவும் முடியாது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி 15-ம் தேதிகளில் தவணையாகக் கட்டணும். தவறினால் அபராதம் வரும்.

1099 வரலைன்னா வரி இல்லையா?

அப்படி இல்லை. 600 டாலர் முதல் கொடுத்தால் ஃபார்ம் அனுப்பணும் என்பது பழைய விதி. 2026-ல் கொடுக்கும் பணத்திலிருந்து அந்த வரம்பு 2,000 டாலர். ஃபார்ம் வந்தாலும் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டியே ஆகணும்.

ஊழியரைக் கான்ட்ராக்டர் ஆக்கினால்?

நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் நிறுவனமே முடிவு செய்யும், கையில் மட்டும் 1099-ஐத் திணிக்கும். இப்படியும் நடக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு என்பதைவிட, வேலை யார் கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதைத்தான் வரித்துறையான ஐஆர்எஸ் பார்க்கும். எஸ்எஸ்-8 ஃபார்மில் முறையிடலாம். 8919 ஃபார்ம் மூலம் ஊழியர் பங்கை மட்டும் கட்டவும் வழி உண்டு.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது வரிப் பிரச்சினையோடு நிற்காது. ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு வெளியே 1099-ல் ஃப்ரீலான்ஸ் செய்தால் விசாவுக்கே ஆபத்து.

மாணவர்கள் பார்க்க வேண்டிய 2 கட்டங்கள்

எஃப்-1 விசாவில் படிக்கப் போய், ஓபிடி-யில் வேலை பார்ப்பவர்களுக்கு, பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகள் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. டபிள்யூ-2வில் 4, 6 எண் கட்டங்கள் காலியாக இருக்கணும். தொகை இருந்தால் முதலில் நிறுவனத்திடம் திருப்பிக் கேட்கணும். அவர்கள் தராவிட்டால் 843, 8316 ஃபார்ம்களை ஐஆர்எஸ்-க்கு அனுப்பிக் கேட்கலாம்.