உங்கள் வாளியும் அடுத்த வீட்டுக் காய்ச்சலும்

மாணவர்களே, புந்தோங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கச்சாங் பூத்தே. இங்கே வசிக்கும் நமக்கு இன்னொன்றும் தெரியும். வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் கடலை வறுத்தால் வாசம் நான்கு வீடு தாண்டிப் போகும். கொசுவும் அப்படித்தான் போகிறது.

உங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு வாளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வராத நாளுக்காக அம்மா பிடித்து வைத்தது. அது உங்கள் குடும்பத்தின் நியாயமான தேவை. ஆனால் அதே வாளி பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு டிங்கி காய்ச்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இதில் யாருடைய நலன் பெரிது? ஏடிஸ் கொசுவின் வாழ்க்கையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஒரு பெண் ஏடிஸ் ஒரே தடவையில் 100 முட்டைகள் வரை இடும். நம் நாட்டு வெப்பத்தில் அந்த முட்டை 7 முதல் 10 நாள்களில் பறக்கும் கொசுவாகிவிடும். அது நெடுந்தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. ஆகவே உங்களைக் கடிக்கும் ஏடிஸ் அநேகமாக உங்கள் வீட்டில் பிறந்தது, இல்லையென்றால் உங்கள் வரிசையில் பிறந்தது.

இங்கேதான் சிக்கல். பத்து வீடுகளில் ஒன்பது வீட்டார் சுத்தம் செய்து, ஒரு வீட்டார் மட்டும் விட்டுவிட்டால், அந்த ஒரு வாளி பத்து வீட்டுக்கும் கொசு வளர்த்துக் கொடுக்கும். 2023-ஆம் ஆண்டில் மலேசியாவில் 123,133 பேருக்கு டிங்கி கண்டது. 100 பேர் இறந்தனர்.

“அடுத்த வீட்டுக்காரர் செய்யாதபோது நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?” வகுப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. நல்ல கேள்விதான். ஏடிஸ் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் வாழ விரும்பும் கொசு. உங்கள் வாளியில் பிறந்ததற்கு மிக அருகில் கிடைக்கும் இரத்தம் உங்களுடையதும் உங்கள் தம்பி தங்கையுடையதும்தான். பொதுநலத்துக்காகச் செய்யும் வேலையின் பலன் முதலில் உங்கள் வீட்டுக்கே வந்து சேர்கிறது.

அதற்காக வாளியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இறுக்கமாக மூடி வையுங்கள். மூட முடியாத பாத்திரத்தில் ஏபேட் மருந்தைச் சொல்லப்பட்ட அளவில் போடுங்கள். சாமி மேடைப் பூ ஜாடியையும் பூச்சட்டித் தட்டையும் வாரம் ஒருமுறை கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதார அமைச்சு வாரத்துக்கு 10 நிமிடம் கேட்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்: ஏழு நாளுக்கு ஒருமுறை துடைத்தால் முட்டை கொசுவாக மாறும் சுற்று அறுந்துபோகும்.

காய்ச்சல் கண்டவர் பகலிலும் கொசுவலைக்குள் ஓய்வெடுப்பதும் இப்படித்தான். காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் அவர் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவரைக் கடிக்கும் கொசு ஏறத்தாழ பத்து நாளில் பிறருக்கு நோயைப் பரப்பத் தயாராகிவிடும். “சோதனை இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன்” என்று காய்ச்சலோடு பள்ளிக்குப் போவதைவிட, மருத்துவரைப் பார்த்துவிட்டு வலைக்குள் படுத்திருப்பது உங்கள் உடலுக்கும் நல்லது, வகுப்புத் தோழர்களுக்கும் நல்லது.

ஆனால் எல்லா நேரமும் இரண்டு நலனும் இப்படிச் சுலபமாக ஒத்துப்போவதில்லை. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவியலாளர்கள் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களைக் குடியிருப்புகளில் விட்டுச் சோதித்தார்கள். அந்த பாக்டீரியா கொசுவின் உடலில் டிங்கி வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். தாயிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும். அதனால் பெண் கொசுக்களையும் விட்டாக வேண்டும். பெண் கொசு கடிக்கும்! சில மாதங்கள் கூடுதலாகக் கடிபட அந்தக் குடியிருப்பு மக்கள் இணங்கினார்கள். 2019-இல் வெளிவந்த முடிவின்படி, அங்கே டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. மக்களிடம் முதலில் விளக்கம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே கொசுக்கள் விடப்பட்டன என்பதையும் கவனியுங்கள். பொதுநலம் என்ற பெயரில் ஒருவர் தலையில் சுமையைத் திணிப்பது வேறு. காரணம் அறிந்து அவரே தோள் கொடுப்பது வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்களை எண்ணி எழுதுங்கள். பிறகு தனியாக வசிக்கும் அண்டை வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால், “தாத்தா, உங்கள் பூச்சட்டியையும் கழுவித் தரவா?” என்று கேட்டுப் பாருங்கள். குனிந்து தேய்க்க முடியாததால்கூட அவர் அதை விட்டு வைத்திருக்கலாம்.