முகப்பூச்சு ஏன் சாம்பல் பூக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் மாணவர்களுக்கு மலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ வயல் வரப்பில் நின்று பாருங்கள். ஒருபுறம் மேகமலை, மறுபுறம் கேரள எல்லையை ஒட்டிய ஏலமலைகள். கிட்டத்து மலை பச்சையாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் நிற்பது நீலம். இன்னும் தள்ளி நிற்பதோ வெளிறிய சாம்பல் நீலம். எல்லா மலைகளிலும் மரங்கள் பச்சையாகத்தானே இருக்கின்றன? பிறகு இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

இதைப் போன்ற இன்னொரு கேள்வியையும் பாருங்கள். பள்ளி ஆண்டு விழா. நாட்டியத்துக்காக ஒரு மாணவிக்கு ஒப்பனை செய்கிறார்கள். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பவுண்டேஷன், குழாயில் பார்த்தபோது நல்ல சந்தன நிறமாக இருந்தது. அவளுடைய கருநிற முகத்தில் பூசியதும் திருநீறு தடவியதுபோல் சாம்பல் பூத்துவிட்டது. "உன் நிறத்துக்கு எதுவும் எடுபடாதும்மா" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். மேடை ஏறும் முன்பே அந்தப் பெண்ணின் முகம் வாடிவிடுகிறது. குற்றம் அவள் தோலில் இல்லை. தொலைவு மலை நீலமாவதற்கு என்ன காரணமோ, ஏறத்தாழ அதே காரணம்தான் அவள் முகத்திலும் வேலை செய்கிறது.

சூரிய ஒளி பல நிறங்களின் கலவை என்பது நீங்கள் படித்ததே. அது காற்றின் மூலக்கூறுகளால் நாலா பக்கமும் சிதறுகிறது. அப்படிச் சிதறுவதில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. அலைநீளம் குறைந்த நீலம் அதிகமாகச் சிதறும். அலைநீளம் கூடிய சிவப்பு குறைவாகச் சிதறும். 1871-இல் ராலே பிரபு கண்ட கணக்குப்படி, சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைகிறது. 450 நானோமீட்டர் நீலத்தையும் 650 நானோமீட்டர் சிவப்பையும் எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நீலம் நான்கு மடங்குக்கும் மேல் சிதறும் என்று விடை வரும்.

உங்களுக்கும் அந்த மலைக்கும் இடையே பல கிலோமீட்டர் காற்று நிற்கிறது. அந்தக் காற்றில் சிதறிய நீல ஒளி உங்கள் கண்ணுக்கு வருகிறது. பின்னால் இருக்கும் காடோ கருமையானது. அங்கிருந்து வரும் ஒளி சொற்பம். எனவே நீலம் மேலோங்குகிறது. விறகடுப்புப் புகையைக் கவனித்ததுண்டா? மர நிழலுக்கு எதிரே அது நீலமாகத் தெரியும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே அதே புகை பழுப்பாகத் தெரியும். சிதறடிக்கும் மெல்லிய படலம் முன்னால், கருமை பின்னால் என்று அமைந்தால் நீலச் சாம்பல் பிறக்கும்.

இனி முகப்பூச்சுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சிறு சோதனை. சிலேட்டிலோ கறுப்பு அட்டையிலோ சிறிது டால்கம் பவுடரைத் தூவித் தேயுங்கள். வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பரப்புங்கள். வெள்ளை மறைந்து சிலேட்டின் கறுப்பு மீண்டும் எட்டிப் பார்க்கும்! பவுடர் எங்கும் போய்விடவில்லை. என்ன நடந்தது?

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்களும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவுக்கு எதிரொளிப்பும் சிதறலும் மிகும். காற்றின் எண் 1. டால்க்கின் எண் சுமார் 1.58. வேறுபாடு பெரிது, அதனால் வெள்ளை. தேங்காய் எண்ணெயின் எண் சுமார் 1.45. டால்க் துகளைச் சுற்றி எண்ணெய் வந்ததும் வேறுபாடு சுருங்கிவிட்டது. ஒளி சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. காலையில் பூசிய பவுடர் முற்பகலில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறியதும் காணாமல் போவதன் இரகசியம் இதுவே. மழை நனைத்த மண் கருத்துத் தெரிவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

பவுண்டேஷன் செய்பவர்களுக்கு எண்ணெயிலும் மறையாத வெள்ளை வேண்டும். அது டைட்டானியம் டை ஆக்சைடு. இதன் ஒளிவிலகல் எண் படிக வகையைப் பொறுத்து 2.5 முதல் 2.7 வரை. வைரத்துக்கே 2.42 தான்! எண்ணெயில் குழைத்தாலும் வேறுபாடு பெரிதாகவே இருப்பதால் வெள்ளை நிலைத்து நிற்கிறது. சுவர்ப் பெயிண்டிலும் இதே பொருள்தான். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தூய வெள்ளை கிடைப்பது கறுப்பு மணலிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளப்படும் கருமணலில் இல்மனைட் என்னும் கனிமம் இருக்கிறது. அது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இரும்பை நீக்கினால் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு மிஞ்சும்.

பூச்சில் சேர்க்கும் துகள்களின் குறுக்களவு 200 முதல் 300 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய நாலாயிரம் துகள்களை வரிசையாக வைக்கலாம். காற்று மூலக்கூறுகள் காட்டும் அளவுக்கு இவை நீலத்திடம் ஓரவஞ்சனை காட்டுவதில்லை. ஆயினும் மெல்லிய படலமாகக் கருமையின்மேல் பரவும்போது நீலச் சாயல் தலைகாட்டும். அத்துடன் தோலின் செம்பழுப்பை இந்த வெள்ளை மங்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்ததே அந்தச் சாம்பல் பூச்சு. வெளிர்ந்த தோலில் இதே படலத்தைப் பூசினால், பின்னாலிருந்து நிறைய ஒளி திரும்பி வருவதால் சாம்பல் தெரிவதில்லை.

நாங்கள் தேனி நேரு சிலைப் பக்கத்துக் கடைகளில் 100 முதல் 300 ரூபாய்க்குள் கிடைத்த நான்கு பவுண்டேஷன்களை வாங்கி ஆய்வகத்தில் ஒரு பிற்பகலைச் செலவிட்டோம். கண்ணாடித் துண்டுகளில் சன்னமாகத் தடவிக் கறுப்பு அட்டைமேல் வைத்தோம். வெளிர் நிறப் பூச்சுகள் நீலச் சாம்பலாயின. அதே துண்டுகளைச் சன்னலுக்கு எதிரே பிடித்தபோது மஞ்சளாகத் தெரிந்தன. விறகுப் புகையின் கதையேதான். ஆழ்ந்த நிறத்தில் இருந்த ஒன்று மட்டும் இரு நிலையிலும் பழுப்பாகவே நின்றது. நான்கிலும் விலை குறைந்தது அதுதான். நான்கே நான்கைப் பார்த்துவிட்டுப் பொதுவிதி சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆழ்ந்த நிறம் எப்படி வருகிறது? வெள்ளையைக் குறைத்து இரும்பு ஆக்சைடுகளைக் கூட்டுகிறார்கள். இவற்றில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று வகை உண்டு. நம் ஊர்ச் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதும் இரும்பு ஆக்சைடே. இந்த மூன்றையும் வெள்ளையுடன் வெவ்வேறு அளவில் கலந்தால் மனிதத் தோலின் எல்லா நிறங்களையும் எட்டலாம். இல்மனைட்டிலிருந்து பாடுபட்டு இரும்பை நீக்கிவிட்டு, பிறகு நிறத்துக்காக இரும்பையே சேர்ப்பது விந்தைதான்! இரும்பு ஆக்சைடு அரிய பொருளன்று. ஆகவே கருநிறத்துக்கான பூச்சு கிடைக்காதிருந்ததற்கு வேதியியல் காரணமன்று, செய்யவில்லை, அவ்வளவே. 1952-இல் டாடா குழுமம் லக்மே நிறுவனத்தைத் தொடங்கியது முதல் நம் நாட்டில் ஒப்பனைப் பொருள்கள் பெருகின. ஆனாலும் நீண்ட காலம் கடைகளில் கிடைத்தவை சில வெளிர் நிறங்களே. 2017-இல் அமெரிக்காவில் பாடகி ரிஹானாவின் நிறுவனம் ஒரே நாளில் 40 நிறங்களை வெளியிட்ட பிறகுதான் மற்ற நிறுவனங்களும் விழித்துக்கொண்டு நிறங்களைக் கூட்டின.

கடையில் எப்படிச் சோதிப்பது? பலரும் உள்ளங்கையிலோ மணிக்கட்டிலோ தடவிப் பார்க்கிறார்கள். முகத்தின் நிறம் வேறு, கையின் நிறம் வேறு. தாடையோரம் சிறிது தடவி, கழுத்தோடு ஒப்பிட வேண்டும். எங்கே பூசினோம் என்று தேட வேண்டியிருந்தால் அதுவே உங்களுக்குரிய நிறம். அடுத்து, புடவைக் கடையில் உங்கள் அம்மா என்ன செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். புடவையை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பார்ப்பார். அது நல்ல இயற்பியல். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். நம் தோலோ சிவப்பை அதிகம் திருப்பி அனுப்புவது. விளக்கின்கீழ் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம்.

வாசலில் பார்த்த பிறகும் அவசரப்படாதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள். பூசியதும் இருந்த நிறம் சற்றுக் கருக்கும். "காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறிவிட்டது" என்று கடைக்காரர் சொல்வார். சிவப்பு இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே முழுமையாகத் துருவேறிய பொருள். துரு மேலும் எப்படித் துருப்பிடிக்கும்? பூச்சிலுள்ள நீரும் ஆவியாகும் பொருள்களும் போய்விட, நிறமிகள் நெருங்குகின்றன. தோலின் எண்ணெய் துகள்களைச் சூழ்கிறது. சிலேட்டும் தேங்காய் எண்ணெயும் நினைவுக்கு வருகின்றனவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. பவுண்டேஷன் தோலின்மேல் ஒளியை மட்டுமே மாற்றும், கழுவினால் போய்விடும். "ஏழு நாளில் வெளுப்பு" என்று விற்கும் சில கிரீம்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் பாதரச உப்பு கலந்திருக்கக்கூடும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்புடன் வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பலர் இத்தகைய கிரீம்களைப் பூசிவந்ததை 2023-இல் வெளியிட்டனர். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி முகத்துக்கான பொருள்களில் தவறிக் கலந்த பாதரசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. திருவிழாக் கடையிலானாலும் சரி, பெரிய கடையிலானாலும் சரி, தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

இதுவரை கருமையான பின்புலம் வெள்ளைப் பூச்சுக்கு ஒத்துவராததைப் பார்த்தோம். கண்ணிமைக்குப் பூசும் ஐ ஷாடோவில் கதை தலைகீழாகிறது!

ஒரு சிறிய தட்டில் பத்துப் பன்னிரண்டு நிறங்கள் அடுக்கி விற்கிறார்களே, அவற்றில் மினுமினுக்கும் நிறங்களைக் கவனியுங்கள். அந்த மினுமினுப்பைத் தருவது பெரும்பாலும் காக்காப்பொன் என்று நம் ஊரில் சொல்லும் மைக்கா. அதன் மெல்லிய செதில்கள்மேல் டைட்டானியம் டை ஆக்சைடை ஒரு சன்னப் படலமாக ஏற்றுகிறார்கள். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்று சேர்கின்றன. முகட்டோடு முகடு சேர்ந்த நிறம் ஓங்கும். முகடும் பள்ளமும் சேர்ந்த நிறம் அழியும். சோப்புக் குமிழியிலும், மழை நாளில் பேருந்து நிலையத் தரையில் சிந்திய டீசலிலும் நீங்கள் காணும் வண்ணங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. படலத்தின் தடிமன் 50 நானோமீட்டர் அளவில் இருந்தால் வெள்ளிப் பளபளப்பு. அதைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் பொன், சிவப்பு, நீலம், பச்சை என மாறிக்கொண்டே போகும். சாயம் என்று ஒரு துளியும் சேர்க்கவில்லை. தடிமன் மட்டுமே மாறியது.

ஜார்க்கண்ட், பீகார் பகுதிகளில் உங்கள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் காக்காப்பொன் பொறுக்கும் அவலம் வெளிவந்த பிறகு, சில நிறுவனங்கள் செயற்கை மைக்காவுக்கு மாறியிருக்கின்றன. கைவேலைக்கு விற்கும் ஜிகினாத் தூள் வேறு பொருள். அதன் கூரிய விளிம்புகள் கருவிழியைக் கீறிவிடும். அதைக் கண்ணருகே கொண்டுபோகவே வேண்டாம். கடையில் பலர் விரல்பட்ட தட்டையும் இமையில் சோதிக்காதீர்கள், புறங்கை போதும்.

இப்போது கடைசிச் சோதனை. மினுமினுக்கும் சிவப்பு அல்லது நீல ஐ ஷாடோவைச் சிறிது எடுத்து, வெள்ளைத் தாளில் ஒரு கோடும் கறுப்புத் தாளில் ஒரு கோடும் இழுங்கள். வெள்ளைத் தாளில் நிறம் சோகையாக இருக்கும். கறுப்புத் தாளில் சுடர்விடும். படலம் சிவப்பைத் திருப்பி அனுப்பும்போது மிச்ச நிறங்கள் ஊடுருவிக் கீழே செல்கின்றன. வெள்ளைத் தாள் அவற்றையும் திருப்பி அனுப்பிச் சிவப்போடு கலந்துவிடுகிறது. கலவை வெண்மையை நெருங்குகிறது. கறுப்புத் தாள் அவற்றை விழுங்கிக்கொள்வதால் சிவப்பு மட்டும் தனித்து ஒளிர்கிறது. மெலனின் நிறைந்த தோல் அந்தக் கறுப்புத் தாளைப் போல வேலை செய்யும். ஆண்டு விழா மேடையில் விளக்கின்கீழ் தலையைச் சற்றுத் திருப்பும்போது, அந்த மாணவியின் இமையில் ஐ ஷாடோ மற்றவர்களுக்குத் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.