குடிநீர்த் தரங்களுக்கான கால அவகாசம் (ஐக்கிய அமெரிக்கா)

குடிநீர்த் தரங்களுக்கான கால அவகாசம் என்பது, குடிநீரில் உள்ள ஒரு மாசுபொருளுக்குப் புதிய வரம்பு விதிக்கப்படும்போது அதை எட்டுவதற்குப் பொது நீர் வழங்கல் அமைப்புகளுக்குச் சட்டம் வழங்கும் காலமாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தங்களும் இதனை வரையறுக்கின்றன. அவகாசம் முடியும் வரை மக்கள் பழைய நீரையே குடிக்க நேரிடலாம் என்பதால், அது எவ்வளவு காலம், எந்த நிபந்தனைகளுடன் தரப்படுகிறது என்பது பொதுநலம் சார்ந்த கேள்வியாகும்.

தேவை

குறைந்தது 15 இணைப்புகளுக்கோ, ஆண்டில் 60 நாட்களேனும் சராசரியாக 25 பேருக்கோ நீர் வழங்கும் எந்த அமைப்பும் பொது நீர் வழங்கல் அமைப்பாகக் கருதப்படுகிறது. எனவே பெருநகரக் குடிநீர் வாரியமும், ஒரே ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள சிற்றூரும் ஒரே வரம்புக்கு உட்படுகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைப் பெருநகரில் பல இலட்சம் பேர் பகிர்ந்துகொள்வர். சிற்றூரில் சில நூறு குடும்பங்களே அதைச் சுமக்க வேண்டும். வடிவமைப்பு, நிதி, ஒப்பந்தம், கட்டுமானம் ஆகியவற்றுக்கும் ஆண்டுகள் ஆகும்.

சட்டம் தரும் காலம்

பொதுவாக ஒரு புதிய தரம் அறிவிக்கப்பட்டு 3 ஆண்டுகளில் நடைமுறைக்கு வரும். கட்டுமானப் பணிகள் தேவைப்பட்டால் மேலும் 2 ஆண்டுகள் வரை அளிக்கலாம். அதன்பின்னும் இயலாத அமைப்புகளுக்கு இரு வழிகள் உள்ளன.

விலக்கு: பொருளாதார நெருக்கடி போன்ற கட்டாயக் காரணங்களால் தரத்தை எட்ட இயலாத அமைப்புக்கு மாநில அரசு வழங்கும் கூடுதல் காலம். இது 3 ஆண்டுகளுக்கு மேற்படாது. 3,300 பேருக்கு மிகாமல் நீர் வழங்கும் அமைப்புகளுக்கு மட்டும் இரண்டிரண்டு ஆண்டுகளாக மொத்தம் 6 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். விலக்கினால் உடல்நலத்துக்கு ஏற்கத்தகாத இடர் நேரக்கூடாது. பொதுமக்கள் கருத்துக் கூற வாய்ப்பும், பணிகளுக்கான கால அட்டவணையும் இருக்க வேண்டும்.

தளர்வு: நீர் ஆதாரத்தின் தன்மை காரணமாக, கிடைக்கும் சிறந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியும் வரம்பை எட்ட இயலாதபோது தரப்படுவது. செலவைத் தாங்க இயலாத சிறு அமைப்புகளுக்கெனத் தனித் தளர்வும் உண்டு.

இக்காலத்தில் புட்டிநீர் வழங்கவோ வீட்டுக் குழாயில் வடிகட்டிகள் பொருத்தவோ மாநிலம் நிபந்தனை விதிக்கலாம். விலக்கு அல்லது தளர்வின் கீழ் இயங்குவதை அமைப்பு தன் நுகர்வோருக்கு அறிவிக்க வேண்டும்.

ஆர்சனிக் தரம்

பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஆர்சனிக், நெடுங்காலம் உட்கொள்ளப்பட்டால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும். இதற்கு 1942இல் வகுக்கப்பட்ட லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2001 சனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அதே ஆண்டில் பொறுப்பேற்ற புதிய அரசு விதியை மறுஆய்வுக்காக நிறுத்திவைத்து, அக்டோபரில் 10 மைக்ரோகிராம் என்பதையே உறுதிசெய்தது.

2006 சனவரி 23க்குள் அமைப்புகள் இவ்வரம்பை எட்ட வேண்டியிருந்தது. விலக்கும் நீட்டிப்புகளும் முழுமையாகக் கிடைத்த சிறு அமைப்புக்கு இக்காலம் 2015 சனவரி வரை நீளக்கூடியதாக இருந்தது. அதாவது, விதி வெளியான ஆண்டில் பிறந்த குழந்தை 14 வயது வரை பழைய அளவு ஆர்சனிக் கொண்ட நீரையே குடிக்க நேரிடலாம். மறுபுறம், இரும்புச் சேர்ம ஊடகத்தில் ஆர்சனிக்கைப் படியவைத்தல், புதிய கிணறு தோண்டுதல், வேறு நீருடன் கலத்தல், அண்டை ஊரின் அமைப்புடன் இணைதல் போன்ற தீர்வுகளுக்குச் சிற்றூர்கள் நிதி திரட்ட வேண்டியிருந்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தங்கள் இதற்கெனக் குறைந்த வட்டிக் கடன் வழங்கும் மாநிலச் சுழல் நிதியையும் உருவாக்கின.

அவகாசத்தின் எல்லை

ஆர்சனிக்கின் தீங்கு ஆண்டுக்கணக்கில் சேர்வது. நோய்க்கிருமிகள் சில நாட்களிலேயே நோயை உண்டாக்கும்; நைட்ரேட்டு மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் குருதியில் உயிர்வளி கடத்தப்படுவதைத் தடுக்கும். இதனால் நுண்ணுயிர் மாசுகளுக்குச் சிறு அமைப்புத் தளர்வு கிடையாது. நைட்ரேட்டு வரம்பு மீறப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மக்களுக்கு எச்சரிக்கை விட வேண்டும்.

அண்மைய நிகழ்வு

2024 ஏப்ரலில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்னும் இரு புளோரின் சேர்மங்களுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் வரம்பு விதிக்கப்பட்டு, 2029 வரை காலம் தரப்பட்டது. அதை 2031 வரை நீட்டிக்க எண்ணியுள்ளதாக முகமை 2025 மே மாதத்தில் அறிவித்தது. சிறு அமைப்புகளின் செலவுச் சுமையும் நீரைக் குடிப்போரின் உடல்நலமும் இங்கும் எதிரெதிரே நிற்கின்றன.