கடல்கட்டியும் சுறாமீனும்

நான் கங்கைகொண்டானில் பிறந்தவன். எங்களூர்ச் சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணியோ புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அக்கடலோரத்து மணப்பாட்டில் இன்று இளைஞர்கள் பலகையேறி அலைமேல் சறுக்கி விளையாடுகிறார்கள். "சுறா கடித்துவிடாதா, ஐயா?" என்று மாணவர் ஒருவர் என்னை வினவினார். பழைய முத்துக்குளிப்பை நினைந்தால் அதற்கு விடை கிடைக்கும்.

பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி கூறுகிறார். பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்களாம். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். பிற்காலத்தில் இவரைக் கடல்கட்டி என்றனர். அவர் ஓதாமல் பலர் நீரில் இறங்கத் துணியவில்லை. ஆகவே ஆங்கில அரசும் அவருக்குப் பங்கு அளித்து வந்தது.

மந்திரம் சுறாவின் வாயைக் கட்டிற்றோ இல்லையோ, மனிதரின் அச்சத்தைக் கட்டியது. உண்மைக் காவல் வேறு. இலங்கையைப் பற்றி 1859இல் நூல் வெளியிட்ட எமர்சன் டென்னன்ட், முத்துக்குளிப்பில் சுறா விபத்து அரிதாயிருந்ததற்குக் கூட்டமும் ஆரவாரமும் காரணமாகலாம் என்று கருதினார். பெரும்பாலான சுறா இனங்கள் மனிதனை இரையாகக் கொள்வதும் இல்லை.

இக்காலக் கணக்கும் இதற்கு இசைகிறது. மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்ச்சிகள் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 60, 70 தாம். உயிரிழப்பு அவற்றுள் சிலவே. ஆயினும் கடிபட்டோரில் பலகையேறிகள் கணிசமானோர். ஏன்? அலை உடையும் இடத்தில் நீர் கலங்கியிருக்கும். சிறுமீன்களைத் தேடிச் சுறாவும் அங்கே வரும். அசையும் காலை இரையென்று அது மயங்கக்கூடும். பெரும்பாலும் ஒருமுறை கடித்து விட்டுவிடும். ஆயினும் குருதிப் பெருக்கே உயிருக்கு உலை வைக்கும். உடனே காயத்தை அழுத்திக் கட்டுதல் வேண்டும்.

ஆதலின் மாணவ நண்பர்களே, வெள்ளம் கலங்கி வரும் ஆற்று முகத்துவாரத்தில் இறங்காதீர். வைகறையிலும் அந்தியிலும், வலை இழுக்கும் இடத்திலும் அலையேறாதீர். தனியே செல்லாதீர். முத்துக்குளிப்பவர் மூழ்கியிருக்கையில் அவர் கயிற்றைப் பிடித்தபடி தோணியில் ஒருவர் விழிப்போடு காத்திருப்பார். ஓதிய கடல்கட்டியினும் அவரே பெருந்துணை. உங்களுக்கும் கரையில் அத்தகைய ஒருவர் வேண்டும்.