பறக்கும் களிம்பும் ஊமத்தஞ் செடியும்

முள்ளியவளையிலே வளவின் பின்புறத்தும் குளக்கட்டின் ஓரத்தும் எவரும் நடாமலே முளைத்து நிற்பது ஊமத்தை. சிவபெருமானுக்கு உகந்ததென்று அதன் பூவைப் பறிக்கின்றோம். முட்காயைக் கண்டாற் பிள்ளைகளை விலக்குகின்றோம். இச்செடியின் உறவினங்கள் ஐரோப்பாவிலே மனிதரை வானிற் பறக்கச் செய்தன என்று ஒரு காலத்தில் நம்பினர்.

சூனியக்காரிகள் உடம்பிலே ஒரு களிம்பைப் பூசிக்கொண்டு இரவிற் பறப்பர் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. 1456இலேயே யோகான் ஹார்ட்லீப் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இதைப்பற்றி எழுதியுள்ளார். எனினும், அதனைச் சோதித்துப் பார்த்த வரலாறே சுவையானது. 1545ஆம் ஆண்டளவில் மெற்ஸ் நகரில், சூனியக் குற்றஞ் சாட்டப்பெற்ற முதிய தம்பதியரின் குடிலிலே பச்சைக் களிம்பொன்று அகப்பட்டது. குரோசாணி ஓமம் முதலியவற்றின் மணம் அதில் வீசிற்று. ஸ்பானிய வைத்தியர் அந்திரேஸ் லகூனா, உறக்கமின்றி வாடிய ஒரு பெண்ணுக்கு அதனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசுவித்தார். அவள் 36 மணி நேரம் உறங்கினாள். அரும்பாடுபட்டு எழுப்பியபோது, இன்பமான இடத்திலிருந்து தன்னை ஏன் அழைத்தீர்களென்று சினந்தாளாம். படுக்கையை விட்டு அவள் ஓரடியும் அகன்றதில்லை! செய்யாத பயணத்துக்காகப் பலரைத் தீயிலிட்ட காலம் அது.

குரோசாணி ஓமம், பெல்லடோனா, ஊமத்தை மூன்றும் கத்தரி, மிளகாய்க் குடும்பத்தவை. அற்றோப்பின், ஸ்கோப்பலமின் என்னும் நச்சுப்பொருள்கள் அவற்றில் உள. அவை தோலூடும் உடலிற் புகவல்லன. நா வறளும், கண்மணி விரியும், இல்லாதது உள்ளதாய்த் தோன்றும், அளவு மிஞ்சின் உயிரும் போகும். மேனாட்டில் இன்றும் இப்பெயரிற் களிம்பு விற்போர் உளர். சிலர் நச்சுப் பூண்டுகளை நீக்குகின்றனர், சிலர் நீக்குவதில்லை. இவ்விளையாட்டு நமக்கு உவப்பானதன்று.

நம் நாட்டுக் கதைகளிலும் பறந்தோர் பலர். மணிமேகலை மணிபல்லவத்திலிருந்து வான்வழி மீண்டது மந்திரத்தால். (அத்தீவு நமது நயினாதீவே என்பாரும் உளர்.) சமணர் கதையில் வரும் பாதலிப்தரோ காலிலே மருந்து பூசிப் பறந்தவர். நாகார்ச்சுனர் அவர் பாதங் கழுவிய நீரை மோந்தும் சுவைத்தும் 107 மூலிகைகளை இனங்கண்டு, தாமும் பூசிக்கொண்டு, கோழிபோல் எழும்பி விழுந்தாராம். வகுப்பிலே இதைச் சொன்னால் மாணவர் சிரிப்பு அடங்க நெடுநேரமாகும்.

ஊமத்தையை நம் வைத்தியர் கொண்டது வேறு காரியத்துக்கு. அதன் இலைச்சாற்றைத் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சும் மத்தன் தைலமும் பச்சை நிறத்ததே. ஆறாப் புண்ணுக்கு அதனைப் பூசினர். 1833இல் பெல்லடோனாவிலிருந்து பிரித்தெடுத்து ஆராயப்பெற்ற அற்றோப்பினோ, இன்று சிலவகைப் பூச்சிமருந்து நஞ்சுக்கு ஆளானோரைக் காக்க வைத்தியசாலைகளில் ஊசிவழி ஏற்றப்படுகின்றது. வயல் சூழ்ந்த வன்னிக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் வீட்டிலே ஊமத்தையைக் கொண்டு வைத்தியஞ் செய்ய எவரும் துணியற்க. செடிக்குச் செடி நஞ்சின் அளவு வேறுபடும். அதன் விதையைத் தின்ற பிள்ளை முகஞ் சிவந்து, வெறுவெளியைப் பிடித்துப் பிதற்றும். பேய் பிடித்ததென்று மந்திரிப்பவரைத் தேடி நேரம் போக்காது, மாஞ்சோலை வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்க. தின்று மீந்த காயையும் கையோடு எடுத்துச் செல்க.