குழவிக்கு ஊட்டும் பால்

பொதியமலையிற் பிறந்து, நெல்லைச் சீமையை வளஞ்செய்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலொடு கலக்கும் தாமிரபரணியின் தென்கரையில் ஆழ்வார்திருநகரி என்னும் பழம்பதி விளங்குகின்றது. திருக்குருகூர் என்பது அதன் பண்டைப் பெயர். நம்மாழ்வார் தோன்றிய ஊர் இதுவே. காரியார்க்கும் உடையநங்கையார்க்கும் மகவாய்ப் பிறந்த அவர், பிறந்த நாள்தொட்டு அழாமலும் பாலுண்ணாமலும் இருந்தார் என்றும், பெற்றோர் அவரை ஆதிநாதர் கோயிலிலுள்ள புளியமரத்தின் அடியில் விட்டனர் என்றும் வைணவ மரபு கூறும். அப்புளியமரத்தை இன்றும் அக்கோயிலிற் காணலாம். பாலுண்ணாது வளர்ந்ததனை ஒரு தெய்வச் செயலாகவே மக்கள் போற்றி வருகின்றனர். அதுவே ஓர் உண்மையை நமக்கு உணர்த்தும். பாலின்றிக் குழவி வாழ்தல் உலகியல்பு அன்று. பிறந்த குழந்தைக்குப் பாலே உணவு; பாலே நீர்; நோயினின்று காக்கும் அரணும் பாலே.

அப்பால்களுள் தலையாயது தாய்ப்பால். மகப்பேற்றை அடுத்த சில நாள்களிற் சுரக்கும் சீம்பால் மஞ்சள் நிறமுடையது, அளவிற் சிறியது, எனினும், நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் மிகுதியாக உள்ளன. அதனைப் பிழிந்து எறிந்துவிடும் பழக்கம் முன்னாளில் பல வீடுகளில் இருந்தது. சேனை வைத்தல் என்னும் பெயரால் சர்க்கரை நீரையோ தேனையோ குழந்தையின் நாவிற் தொட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டும் தவிர்க்கத்தக்கன என்பர் மருத்துவர். பிறந்த முதல் ஆறு திங்கள் வரை தாய்ப்பாலொன்றே போதுமானது; தண்ணீரும் வேண்டுவதில்லை.

ஆயினும், எல்லாக் குழந்தைகட்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. தாயை இழந்த குழந்தை உண்டு. தாய் உட்கொள்ளும் சில மருந்துகளால் அவள் பாலை உண்ணலாகாத குழந்தை உண்டு. முயன்றும் பால் போதிய அளவு சுரவாத தாய்மாரும் உளர். பிற தாய்மார் ஈந்த பாலைத் தூய்மைசெய்து காத்துவைத்து வழங்கும் தாய்ப்பால் வங்கி, 1989ஆம் ஆண்டில் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பெற்றது. அதன்பின் பல ஊர்களிலும் அத்தகைய வங்கிகள் தோன்றின. அதுவும் கிட்டாதபொழுது, மருத்துவர் அறிவுரைப்படி குழந்தைக்கென அமைக்கப்பெற்ற பால்பொடியைக் கரைத்து ஊட்டுதல் வேண்டும்.

வீட்டிலுள்ள ஆவின்பாலையே கொடுத்தால் என்ன என்று சிலர் வினவலாம். ஆவின்பால் கன்றுக்கு உரியது. நூறு மில்லிலிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ ஒரு கிராம் புரதமே உள்ளது. அதே அளவு ஆவின்பாலிலோ மூன்று கிராமுக்கு மேல் உள்ளது. விரைந்து வளரும் கன்றுக்கு அது வேண்டும். இளங்குழவியின் சிறுநீரகம் அச்சுமையைத் தாங்காது. தாய்ப்பாலில் ஏழு கிராம் அளவிலுள்ள பாற்சர்க்கரை, ஆவின்பாலிலே ஐந்து கிராமுக்கும் குறைவு. ஆதலின், பாலின் கூறுகளைத் தாய்ப்பாலுக்கு இயன்றவரை அணித்தாக மாற்றியமைக்க அறிஞர் முயன்றனர். 1865ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக், ஆவின்பாலுடன் மாவும் முளைதானிய மாவும் சேர்த்துக் குழந்தை உணவொன்றை அமைத்தார். நம் நாட்டில், மைசூரில் 1950ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், குழந்தைக்கு ஒவ்வாது என்று கருதப்பட்ட எருமைப்பாலையே பக்குவப்படுத்திக் குழந்தைப் பால்பொடி செய்யும் முறையைக் கண்டனர்.

நன்மைக்கெனக் கண்ட பொருளும் அறியாமையோடு சேரின் தீமையாக முடியும். சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், தாய்ப்பாலுக்கு மாற்றாக விளம்பரஞ் செய்யப்பெற்ற இனிப்பூட்டிய டப்பாப்பாலால் ஏழைக் குழந்தைகள் மடிவதைக் கண்டு, 1939ஆம் ஆண்டில் அதனைக் கொலைக்கு நிகராக்கிச் சொற்பொழிவாற்றினார். பின்னர், 1981ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை, இத்தகைய பொருள்களை விற்பதற்குரிய நெறிமுறைகளை வகுத்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. 2003ஆம் ஆண்டில் அது மேலும் வலுப்பெற்றது. பால்பொடியை விளம்பரம் செய்தலும், தாய்மார்க்கு இலவசமாக வழங்கி ஆசை காட்டுதலும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டன. டப்பாவின்மீது குழந்தையின் படமோ தாயின் படமோ இருத்தலாகாது. தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பு இருத்தல் வேண்டும்.

பால்பொடியில் அஞ்சத்தக்கது யாது? டப்பாவிலுள்ள பொடி பார்வைக்குத் தூயதாயினும், நுண்ணுயிர் முற்றும் நீங்கியதன்று. குரோனோபாக்டர் என்னும் நுண்ணுயிர் ஒரோவழி அதில் இருத்தல் கூடும். அதனால் விளையும் நோய் அரிது; ஆனால், பிறந்து சின்னாளே ஆன குழந்தையையும் குறைமாதத்திற் பிறந்த குழந்தையையும் பற்றுமாயின் மூளையுறையைத் தாக்கி உயிர்க்கே ஊறு செய்யும். கழுவாத கையினின்றும், காய்ச்சாத நீரினின்றும் வேறு பல கிருமிகள் பாலிற் சேர்ந்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இவற்றை வெல்லுதற்குரிய கருவிகள் மூன்று. அவை தூய்மை, சூடு, அளவு என்பன. 2007ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு முறைகளும் இம்மூன்றனையே வலியுறுத்துகின்றன.

முதலாவது தூய்மை. பால் கரைப்பவர் சோப்பிட்டுக் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும். கிண்ணம், கரண்டி, புட்டி ஆகியவற்றைச் சோப்பு கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவிப் பின்னர் அவை முழுதும் மூழ்குமாறு நீரில் இட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தல் வேண்டும். எடுத்தபின் துணியால் துடைத்தலாகாது. துணியிலுள்ள அழுக்கு மீண்டும் அவற்றைப் பற்றும். பயன்படுத்தும் வரை மூடியே வைத்தல் நன்று.

ஈண்டு நம் முன்னோர் கையாண்ட ஒரு கலத்தை நினைத்தல் தகும். ஒருபுறம் மூக்குப்போல் நீண்ட சிறு கிண்ணம் அது. சங்கு என்றும் பாலாடை என்றும் அதனை வழங்குவர். வெள்ளியாலும் எவர்சில்வராலும் செய்யப்பெறும் அச்சங்கிலே மூலையில்லை, முடுக்கில்லை. புட்டியின் கழுத்திலும் ரப்பர்க் காம்பின் துளையிலும் பால் படிந்து புளிக்கும். சங்கிலோ படிந்த பாலைக் கண்ணாற் கண்டு கழுவலாம். காம்பைச் சப்பிப் பழகும் குழந்தை தாயின் மார்பை மறுத்தலும் உண்டு. சங்கினால் அவ்விடர் நேராது. எனவே, இக்கால மருத்துவரும் அதனை விரும்புகின்றனர். ஆயினும், அழும் குழந்தையைக் கிடத்திச் சங்கைக் கவிழ்த்துப் புகட்டுதல் பெருந்தவறு. தலையை உயர்த்தி மடியில் ஏந்தி, உதட்டருகே சிறிது சிறிதாகச் சாய்த்து, குழந்தை விழுங்கியபின்னரே அடுத்த மிடற்றைத் தருதல் வேண்டும்.

இரண்டாவது சூடு. ஆற்றுநீர் பளிங்குபோல் தெளிந்திருப்பினும் கிருமியற்றது ஆகாது. குழாய்நீரும் காய்ச்சியே கொள்ளத்தக்கது. நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து இறக்கி, மூடிவைத்து, முப்பது நிமிடத்திற்கு மேற்படாமல் ஆறவிடுதல் வேண்டும். ஒரு லிட்டரேனும் காய்ச்சினால், அதற்குள் சூடு எழுபது பாகை செல்சியசிற்குக் கீழே இறங்காது. அந்த எழுபது பாகைச் சூடே பொடியிலுள்ள கிருமிகளை அழிப்பது. வெதுவெதுப்பான நீரிற் கரைத்தால் கிருமி சாவதில்லை. மாறாக, வளர்தற்கேற்ற இடத்தைப் பெறும். கொதிநிலை மாறாத நீரிற் கரைத்தால் பொடி திரளும். சில உயிர்ச்சத்துகளும் கெடும்.

மூன்றாவது அளவு. டப்பாவுடன் ஓர் அளவைக் கரண்டி வரும். அந்தப் பொடிக்கு அந்தக் கரண்டியே உரியது. வேறு கரண்டி கொள்ளலாகாது. கரண்டியில் பொடியை அழுத்தாமல் எடுத்துத் தூய கத்தியின் முதுகால் தலைதட்டுதல் வேண்டும். எத்துணை நீருக்கு எத்துணைக் கரண்டி என்பது டப்பாவில் எழுதப்பட்டிருக்கும். நான்கு கரண்டி இடவேண்டிய நீரில் மூன்றே இட்டால், குழந்தைக்குச் சேரவேண்டிய சத்தில் காற்பங்கு குறையும். வயிறு நிறைந்தாற்போல் தோன்றும். உடலோ நாளுக்குநாள் மெலியும். பொடியின் விலைக்கு அஞ்சிய ஏழைத் தாய்மார் நீரை மிகுத்துக் கரைத்தமையாற் குழந்தைகள் நலிந்த செய்தி பல நாடுகளிலும் உண்டு. சத்து மிகட்டும் என்று ஒரு கரண்டி கூட்டுவதும் தவறே. அதனால் உப்புகள் மிகும், சிறுநீரகம் தளரும், உடலின் நீர் வற்றும்.

கட்டியில்லாமற் கரைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பொடியின்மேல் நீரை ஊற்றினால், வெளிப்புறத்துப் பொடி நனைந்து பசைபோல் ஒரு தோலாகி, உள்ளே நீர் புகாதவாறு தடுத்துவிடும், அதுவே கட்டி. அன்றியும், பொடியை முன்னர் இட்டால் நீரின் அளவும் பிழைபடும். ஆதலின், முதலில் நீரை அளந்து ஊற்றிப் பின்னரே பொடியைத் தூவுதல் வேண்டும். கொதிக்கவைத்த கரண்டியால் ஒரே சீராகக் கலக்கினால் பால் இழைந்து வரும். வேகமாக அடித்துக் கலக்கின் நுரை எழும்; அந்நுரையிலுள்ள காற்றும் பாலொடு வயிற்றினுட் சென்று குழந்தையை வருத்தும். கட்டி தங்கிய பாலிலோ ஒரு மிடறு நீர்த்தும் மறுமிடறு தடித்தும் இருக்கும்.

கரைத்த பாலைக் குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தில், விளிம்பைக் கடந்து நீர் உட்புகாதவாறு நிறுத்தி ஆற்றுதல் வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்து, இளஞ்சூடாக இருப்பின் ஊட்டலாம். உண்டு எஞ்சிய பாலை வைத்திருந்து மீண்டும் கொடுத்தலாகாது. இதனை ஒரு கணக்கால் அறியலாம். ஏற்ற வெப்பத்தில் சிலவகை நுண்ணுயிர்கள் இருபது நிமிடத்திற்கொருமுறை இருமடங்காகப் பெருகும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். ஆறு மணி நேரத்தில் 2,62,144 ஆகும். ஆகவே, கரைத்து இரண்டு மணி நேரம் கடந்த பாலைக் கொட்டிவிடுதலே முறை. கொட்டுவது பொருள் நட்டமே. கொடுப்பதோ உயிர் நட்டமாகலாம். வெளியூர் செல்பவர் கரைத்த பாலை எடுத்துச் செல்லாமல், கொதிநீரைத் தூய பிளாஸ்கிலும் பொடியை உலர்ந்த டப்பியிலும் கொண்டு சென்று, வேண்டும்பொழுது கரைத்துக் கொள்ளலாம். ஆனால், கரைக்கும் வேளையிலும் அந்நீர் எழுபது பாகைச் சூட்டோடு இருத்தல் வேண்டும்.

இம்முறைகளின் அருமை இடர்க்காலத்தில் நன்கு விளங்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18ஆம் நாள்களில் தாமிரபரணிக் கரையில் வரலாறு காணாத மழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஆழ்வார்திருநகரிக்கு அணித்தாகவுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற புகைவண்டி, நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுவிட்டது. ஊர்கள் நீராற் சூழப்பட்டன. அத்தகைய வேளையில் எங்கு நோக்கினும் நீர்; பருகத்தக்க நீரோ அரிது. விறகு நனைந்திருக்கும், கலங்களைக் கழுவ வழி இராது. அந்நிலையில் தாய்ப்பாலுண்ணும் குழந்தைக்குப் பால்பொடி புகட்டத் தொடங்குதல், நலத்தை விடுத்து நோயை ஏற்றலாகும். தாயின் மார்பில் ஊறும் பாலுக்கு நீரும் வேண்டா, நெருப்பும் வேண்டா. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கோ, உணவுப் பொட்டலத்திற்கு முன்னரே காய்ச்சிய நீரும் தூய கலமும் கிடைக்கச் செய்தல் உதவுவோர் கடமையாகும்.

தொட்டிற் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பல வீடுகளில் பள்ளியிற் பயிலும் அக்காளிடமோ அண்ணனிடமோ விடப்படுகின்றது. தன் பசியைச் சொல்லவும், தந்த பாலின் குற்றத்தைக் கூறவும் அறியாதது குழவி. அதன் பொருட்டுக் கை கழுவுவதும், நீர் கொதிக்கும் வரை பொறுத்திருப்பதும், கரண்டியைத் தலைதட்டி அளப்பதும் சிறு செயல்கள் போலத் தோன்றும். அச்சிறு செயல்களிலேதான் ஓர் உயிர் தங்கியிருக்கின்றது. அன்பு பாலை ஊட்டும். அறிவு அப்பாலைக் காக்கும். இரண்டும் ஒருங்கே அமைந்த இல்லத்திற் குழவி நோயின்றி வளரும்.